நான்காவது மாடி இடி

"குழாய் எங்கேன்னுதானே கேட்டேன், அதுக்கு எதுக்கு நீ…"

"உங்க மூஞ்சியில மாட்டுற குழாய்க்கு நான் என்ன காவலா…"

"ரெண்டு நாளாக் காணோம்மா. முகமூடி இருக்கு, மிஷின் இருக்கு. நடுவுல இருக்கிற குழாய்க்கு மட்டும் கால் முளைச்சிருச்சா?"

கணவரின் குரல் ஏறியது. அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் சூடேறினால், லிஃப்ட் மெக்கானிக் வரும் பத்து மணிக்குள் பழைய மனுஷன் வந்துவிடுவார்.

மூன்று மாதம் முன்புவரை அந்தக் கட்டடத்தில் அவள் கணவருக்கு 'இடி' என்று பெயர். தண்ணீர் வரவில்லையா, குப்பை எடுக்கவில்லையா, கூப்பிடு இடியை. ஒரே அதட்டலில் வேலை முடியும். பிறகுதான் டாக்டர் கண்டுபிடித்தார்: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, ராத்திரி சரியாகத் தூங்காதவர் பகலில் எரிந்து விழாமல் என்ன செய்வார்? காற்று ஊதும் மிஷினைக் கொடுத்தார். குறட்டை போயிற்று, கோபமும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு போயிற்று.

இப்போது லிஃப்ட் நின்று ஐந்து வாரம். மெக்கானிக் வந்து, "அடுத்த வாரம் பார்ட் வந்துடும் சார்" என்பான். இடியோ அவனுக்குக் காபி கொடுத்து, குழந்தைக்குச் சளி விட்டதா என்று விசாரித்து அனுப்புவார். எழுபத்திரண்டு படி. ஒவ்வொன்றையும் அவள் முழங்காலுக்கு முகம் பார்த்தே தெரியும்.

அதனால்தான் குழாயை ஒளித்தாள். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. குறட்டை திரும்பி வந்தால், பக்கத்தில் படுத்திருப்பது யார்?

பத்து மணிக்கு மெக்கானிக் வந்தான். இடி வாயைத் திறந்தார். அவள் காதைப் பொத்தத் தயாரானாள். வந்தது கொட்டாவி. அடுத்து இன்னொன்று.

"இருப்பா, கண்ணு சொக்குது. காபி போட்டுட்டு வரேன்," என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

மெக்கானிக்குக் குஷி. "அடுத்த வாரம்மா, பார்ட்…"

"எந்த வாரம்? தேதியைச் சொல்லு. நாலு மாடி ஏறினதுக்கே உனக்கு இப்படி இரைக்குதே, என் முட்டி என்ன இரும்பா? போனை எடு, உன் முதலாளிகிட்ட நான் பேசறேன்."

குறட்டையில் கெட்ட இரண்டு ராத்திரித் தூக்கமும் சேர்ந்து அவள் தொண்டையில் முழங்கியது. கீழ்மாடியில் ஒரு கதவு திறந்தது. "இடி திரும்பிட்டாரா?" "இல்ல, இது புது இடி." கதவு மூடிக்கொண்டது.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "பார்ட் வந்துடுச்சும்மா. போன வாரமே. வண்டியிலதான் கிடக்கு."

"பின்ன?"

"அதை மொட்டை மாடியில கொண்டுபோய் மாட்டணும். செம கனம். லிஃப்ட் இல்லாம எப்படிம்மா மேல ஏத்துறது?"

அவள் அவனையே பார்த்தாள். "தூக்கு."

அவன் இரண்டிரண்டு படியாக இறங்கினான். பாதி வழியில் நின்று, "சார், அம்மாவுக்கும் ஒரு மிஷின் பாருங்க," என்று கத்திவிட்டு ஓடினான்.

முழங்காலை நீவியபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் திரும்பினாள். சமையலறை வாசலில் இடி நின்றிருந்தார். முழங்கை வரை வெள்ளை. கையில் நீளமாக ஒன்று தொங்கி, தரையில் மாவைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"காபிப்பொடி தேடினேன். மாவு டப்பாவுக்குள்ள இதுக்கு என்னம்மா வேலை?"