நூருன்னிசாவின் பதில்

2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. முப்பத்தோராண்டு மேடையேறிய நாடகத்தின் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை; அதற்குக் காரணம் அதை உருவாக்கிய எப்சிபாவேதான். பொன்செல்வியின் மனக்குறை இதுவே. இலத்தூரில் எப்சிபாவின் கட்டிலருகே அமர்ந்திருந்தபோதும் அதை அவளால் விழுங்க முடியவில்லை.

பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த வட்டாரத்தில், பீடி சுற்றும் பெண்களை முதன்முதலில் மேடையேற்றிய இயக்குநர் எப்சிபா. பீடித்தட்டைச் சுற்றி அமர்ந்தபடியேதான் ஒத்திகை. கைகள் இலையை விட்டு நகரா. ஒவ்வொருத்திக்கும் அவளவள் வசனத்தை மட்டும் வாய்வழியாகச் சொல்லித் தருவாள். தாளில் ஏறினால் பேச்சு செத்துவிடும் என்பது அவள் கட்சி. ஒருமுறை பொன்செல்வி நாடகம் முழுவதையும் கேட்டுக் கேட்டுத் திருட்டுத்தனமாக ஒரு நோட்டில் எழுதினாள். எப்சிபா கண்டுபிடித்து, "நீயே அடுப்புல போடு" என்றாள். பொன்செல்வி போட்டாள். மறுக்கலாம் என்று அன்று தோன்றவேயில்லை.

வைகாசியில் பக்கவாதம் தாக்கி எப்சிபாவின் பேச்சு நின்றது. தாயாக நடித்த நூருன்னிசா அதற்கு முன்பே இறந்திருந்தாள். மகளாக நடித்த பொன்செல்வியும், மற்ற வேடங்களையெல்லாம் கட்டிய ஆவுடையம்மாளும் இன்று புது நோட்டுடன் வந்திருந்தனர். ஏனைய இடங்களை நினைவிலிருந்து ஒருவாறு ஒட்டி எழுதிவிட்டார்கள். ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"என்னய எதுக்கும்மா பள்ளிக்கூடத்துலேருந்து நிப்பாட்டுன?" என்று மகள் கேட்பாள். தாய் சொல்லும் பதிலில்தான் கூட்டம் மூச்சடங்கும். ஒத்திகையில் அதை எப்சிபா நூருன்னிசாவின் காதோடு மட்டும் சொல்வாள்; மேடையில்தான் அது ஒலிக்கும். ஆண்கள் சிலர் எழுந்து போவார்கள்.

"நூரு என்னட்டி சொல்லுவா?" என்றாள் ஆவுடையம்மாள், பேனாவைத் திறந்தபடி.

"தெரியலக்கா. அன்னைக்கி எழுதுனதும் அடுப்போட போச்சு, மனசுல நிக்கல. அவ பேசையில எனக்கு அடுத்த வசனம்தான் உள்ள ஓடிக்கிட்டு இருக்கும்."

"நல்லாருக்கு. புருசன் பேச்சத்தான் நீ கேக்க மாட்ட. பக்கத்துல நின்னவ பேச்சயுமா கேக்கல?"

"நீங்க கேட்டியளாக்கும்?"

"நான் திரைக்குப் பின்னால சேலை மாத்திக்கிட்டுல்லா நின்னேன்."

பொன்செல்வி எப்சிபாவின் காதருகே குனிந்தாள். "எப்சிக்கா, அந்தப் பதிலச் சொல்லுங்க. எழுதிக்கிடுதோம்."

எப்சிபாவின் வாய் கோணி அசைந்தது. ஒலி எழவில்லை. பின் அவளது இடக்கை கட்டில் சட்டத்தைத் தட்டியது: ஏழு தட்டு, சிறு நிறுத்தம், மேலும் இரண்டு. வசனத்தின் நடையை ஒத்திகையில் அவள் அப்படித்தான் தட்டிக் காட்டுவாள். நடை முழுதாக இருந்தது, சொற்கள்தாம் இல்லை. ஆவுடையம்மாள் செய்வதறியாமல் நோட்டில் ஒன்பது புள்ளிகளை வைத்தாள். எப்சிபா கண்ணீர் வழிய மீண்டும் தட்டினாள்.

ஐந்தருவியிலும் ஆலங்குளத்திலும் அந்நாடகத்தைப் பார்த்தவர்களே, நடுவில் எழுந்து போனவர்களே, அந்தத் தாய் என்ன சொன்னாள்? காதில் விழுந்ததால்தானே எழுந்தீர்கள். எழுதி அனுப்புங்கள்.