நூறாவது தலை

இரண்டு கடிதங்களும் வெள்ளிக்கிழமை வண்டியில், ஒரே தபால் பையில் வந்து இறங்கின. ஒன்று ரயில் நிலையத்துக்கு. மற்றது கொடியம்மாவுக்கு.

ரயில்வேக்குச் சிவப்பிலும் பச்சையிலும் கைக்கொடிகள் தைத்துக் கொடுப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வயது முப்பத்திரண்டு. கணவன் காய்ச்சலில் போய் நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. சிக்னலுக்கும் தண்டவாளத் திருப்பத்துக்கும் லீவர் இழுக்கும் பாயிண்ட்ஸ்மேன் வேலையில் இருக்கும் மாமனாரோடும் மாமியாரோடும் இரண்டாம் வரிசை ஏழாம் எண் குவார்ட்டர்ஸில் இருந்தாள். அவளுக்கு வந்த கடிதம், நகரத்துத் தையல் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை வேலைக்கான உத்தரவு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்திடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஊரில் வண்டி நிற்பது வாரத்தில் மூன்று நாள். வெள்ளிக்கிழமை வண்டி கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் வண்டி ஒன்றுதான்.

நிலையத்துக்கு வந்த கடிதமும் அதே வண்டியைப் பற்றித்தான் பேசியது. நூறு பேருக்குக் குறைவாகக் குடியிருக்கும் இடங்களில் இனி வண்டி நிற்காது. ஞாயிற்றுக்கிழமை பத்தேகால் வண்டியில் அதிகாரி வருவார். கண்ணெதிரே நிற்பவர்களை மட்டும் எண்ணுவார். ஊரின் வரலாறும் மக்கள்தொகையும் எழுத்தில் தயாராக இருக்க வேண்டும்.

ஸ்டேஷன் மாஸ்டர் விரல் விட்டு மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் சரியாக நூறு வந்தது. பிறந்து பதினோரு நாளான கைக்குழந்தையைச் சேர்த்து நூறு. கொடியம்மாவைச் சேர்த்து நூறு.

ஊரிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. ஆகவே கடிதத்தோடு வந்த படிவத்தை நிரப்பும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. சனிக்கிழமை காலை ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் உட்கார்ந்து, கரையான் ஓரம் அரித்த பழைய பதிவேட்டைத் திறந்தாள்.

நீராவி எஞ்சினின் தாகத்துக்குப் பிறந்த ஊர் அது. மலையேறும் முன் எஞ்சின் தண்ணீர் குடித்தாக வேண்டும். அதற்காகக் கிணறு வெட்டினார்கள். கிணற்றுக்காகத் தொட்டி கட்டினார்கள். தொட்டிக்காக ஆட்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். கரி அள்ள, சாம்பல் கொட்ட, சக்கரம் தட்டிப் பார்க்க என்று நான்கு வரிசைக் குவார்ட்டர்ஸ் நிறைந்து, ஒரு காலத்தில் ஆயிரத்து இருநூறு பேர் அங்கே மூச்சு விட்டார்கள். பிறகு டீசல் எஞ்சின் வந்தது. அதற்குத் தாகம் இல்லை. தாகம் தீர்ந்ததும் ஊரும் தீர ஆரம்பித்தது. ஒன்றாம் வரிசையில் கூரை போயிற்று, மூன்றிலும் நான்கிலும் கதவுகள் போயின. தொட்டி மட்டும் நான்கு இரும்புக் கால்களில், உள்ளே ஒரு சொட்டு இல்லாமல், பழைய அதிகாரத்தோடு நின்றது.

இதையெல்லாம் அவள் அழகாக எழுதினாள். ஆனால் பதிவேட்டின் ஒரு பக்கத்தில் அவள் பேனா நின்றது. குடிவந்தவர்களின் பட்டியல் அது. 'கொல்லர் ஒருவர், பெட்டி இரண்டு, குடும்பம் நான்கு.' 'கரி அள்ளுபவர் ஒருவர், பெட்டி ஒன்று, ஆடு இரண்டு, குடும்பம் ஆறு.' பெட்டிக்கும் ஆட்டுக்கும் பின்னால்தான் பெண்டாட்டி வந்தாள். பெட்டியோடு வந்தவள், பெட்டியோடு போனாள். 'வெளியேறியோர்' என்ற பத்தியில் தனியாகப் போன பெண் ஒருத்திகூட இல்லை. எழுபது ஆண்டுகள் பெண்ணைத் தலையென்று எண்ணாத ஊர், இன்றைக்கு ஒரு தலை குறைகிறது என்றதும் அவள் தலையைத் தேடி வந்திருக்கிறது. வரலாற்றின் கடைசி வரியாக, 'இந்த ஊரிலிருந்து இதுவரை ஒரு பெண்ணும் தனியாக வெளியேறியதில்லை' என்று எழுதினாள்.

அவள் படிவத்தின் இரண்டாம் தாளை எடுத்து, நூறு பெயர்களையும் வரிசையாக எழுதினாள். தன் பெயரைக் கடைசியில், நூறாவதாக எழுதினாள். மை காய்ந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

பிற்பகல் நான்கு மணிக்குப் பயணிகள் அறையில் கூட்டம் கூடியது. டிக்கெட் ஜன்னல் அதே அறையில்தான். கொடியம்மா நேராக அதனிடம் போய் நின்றாள்.

"நாளைக்குப் பத்தேகாலுக்கு ஒரு டிக்கெட் வேணும் சார்."

ஸ்டேஷன் மாஸ்டர் இழுப்பறையைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினார். "டிக்கெட் தீர்ந்துபோச்சும்மா."

"அந்தக் கட்டு முழுசா இருக்கே சார். இங்கேயிருந்தே தெரியுது."

"அது வேற ஊருக்கு."

டீக்கடைக்காரர் சிரித்தார். வண்டி நிற்கும் அந்த இரண்டிரண்டு நிமிடங்களில்தான் அவருக்கு வாரம் முழுவதற்கும் பிழைப்பு. "உட்காரு கொடியம்மா. உனக்கு என்ன அவசரம்? நாளைக்கு ஒரு நாள் எங்களோட நில்லு. அப்புறம் எங்க வேணா போ, யாரு கையைப் புடிக்கப் போறா?"

"நாளைக்கு நின்னா திங்கக்கிழமை வேலை போயிடும்ணே."

"வேலை போனா இன்னொண்ணு வரும். வண்டி போனா வருமா? இந்தப் புள்ளைக்கு நாளைக்குக் காய்ச்சல்னா எதுல தூக்கிட்டு ஓடுவோம், சொல்லு." அவர் சுட்டிக்காட்டியது அந்தப் பதினோரு நாள் குழந்தையை. அது நியாயம்தான். அந்த அறையில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் அவள் எப்போதோ கதவைத் திறந்துகொண்டு போயிருப்பாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க," என்றாள். "வண்டி எதுக்கு நிக்கணும்?"

"நாம போக வர."

"அப்ப நான் போகக்கூடாதா?"

"நீ போனா வண்டி நிக்காதே."

"நிக்கிற வண்டியில போகக்கூடாதுன்னா, அது நின்னா என்ன, நிக்காட்டா என்ன?"

போவதற்காக வண்டி நிற்க வேண்டும். வண்டி நிற்பதற்காக எவரும் போகக்கூடாது. கதவு திறந்திருக்க வேண்டுமானால் உள்ளே இருப்பவர்கள் அசையக்கூடாது என்று ஒரு சிறைக்கு விதி எழுதினால் எப்படி இருக்கும்? அந்த விதியை எழுதியவன் எங்கோ ஓர் அலுவலகத்தில் நிம்மதியாக இருந்தான். காவல் காக்கும் வேலையை மட்டும் கைதிகளே ஏற்றுக்கொண்டார்கள், சம்பளம்கூட இல்லாமல்.

மாமா ஒரு மூலையில் பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு ஆண்டுகளாக லீவர் இழுத்தவர். ஊர் அவர் முகத்தைப் பார்த்தது. "அவ எங்கேயும் போக மாட்டா," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அவளுடைய தகரப் பெட்டியில் புதிதாக ஒரு பூட்டுத் தொங்கியது. சாவி அத்தையின் முந்தானை முடிச்சில் இருந்தது.

"என் துணிமணி அத்தை உள்ள இருக்கறது."

"இருக்கட்டும், எங்க ஓடிடப் போகுது? பூட்டுக்குள்ள பத்திரமா இருக்கும்." அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேசினாள். "என் மகனும் இல்ல. நீயும் போயிட்டா, இந்த வீட்டுல நானும் அவரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காரணும். முப்பது வருஷமா பாத்த மூஞ்சி. புதுசா அதுல என்ன இருக்கு?"

கொடியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அன்பாலும் பூட்டுப் போட முடியும். அந்தப் பூட்டுக்குத்தான் சாவித் துவாரம் தேடினாலும் கிடைப்பதில்லை.

காலையில் அவள் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தையல் மேசையில் இருந்த கத்தரிக்கோல், வேலை உத்தரவு, சான்றிதழ், கொடியில் காய்ந்த ஒரு புடவை ஆகியவற்றை ஒரு கொடித் துணியில் வைத்து மூட்டை கட்டினாள். முதலில் கைக்கு வந்தது சிவப்புத் துணி. அதை வைத்துவிட்டுப் பச்சையை எடுத்தாள். தண்டவாளத்தின் ஓரம் சிவப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் வண்டியை நிறுத்திவிடுவாள் என்பது அந்த ஊரில் பிறந்த பூனைக்கும் தெரியும்.

ஒன்பதே முக்காலுக்கே ஊர் முழுவதும் நடைமேடையில் வரிசையாக நின்றது. யோசனை ஸ்டேஷன் மாஸ்டருடையது. வீடு வீடாகப் போனால் அதிகாரி யாரையாவது விட்டுவிடுவார், பட்டியலில் உள்ளபடி ஒரே வரிசையில் நின்றுவிட்டால் தகராறு இல்லை என்றார். ஆகவே துணி துவைத்தவர்கள் துவைப்பதை விட்டு வந்தார்கள். படுக்கையில் கிடந்தவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மாமா வெளுத்த சட்டையும் சீவிய தலையுமாக நாற்பத்தோராவது இடத்தில் நின்றார். கொடியம்மா வரிசையின் கடைசி. நடைமேடை சரிந்து தண்டவாளத்தில் இறங்கும் முனையில்.

"அது என்ன மூட்டை?" என்றாள் அத்தை, எட்டிப் பார்த்து.

"புதுக் கொடி அத்தை. அதிகாரி கேட்டா காட்டணும்ல."

பத்தேகாலுக்கு வண்டி வந்தது. வளைவில் திரும்பி, சிக்னல் கம்பத்தருகே வந்து நின்றது. விசில் ஊதியது. மறுபடி ஊதியது. ஊர் கழுத்தை நீட்டிப் பார்த்தது. தலைவாரிக்கொண்டு வந்த ஊர், சட்டைப் பொத்தானைச் சரிபார்த்த ஊர், நூறு தலையையும் ஒன்று விடாமல் கொண்டுவந்து நிறுத்திய ஊர், லீவர் இழுக்க வேண்டிய ஆளையும் வரிசையில் நிறுத்திவிட்டது. சிக்னல் சிவப்பிலேயே இருந்தது.

"யோவ் பாயிண்ட்ஸ்மேன், நீ இங்க என்னய்யா பண்ற?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"நீங்கதானே சார் நாப்பத்தொண்ணுல நிக்கச் சொன்னீங்க."

மாமா முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டே நடைமேடையின் மறுமுனையில் இருந்த லீவர் அறைக்கு ஓடினார். வரிசையின் கண்களெல்லாம் அவர் பின்னால் ஓடின. ஒரு ஜோடி மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்தது. முந்நூறு அடி தூரத்தில் ஒரு வண்டி, யாருடைய அனுமதியும் இல்லாமல், அவளுக்காகவே நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தது.

அவள் சரிவில் இறங்கினாள். ஓடவில்லை. ஓடினால் ஜல்லியில் கால் புரளும். ஜல்லி புரண்டால் சத்தம் கேட்கும்.

பாதி வழியில் எதிரே ஒருவர், கையில் பதிவேட்டோடு, வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் வண்டியை விட்டு இறங்கிவிட்ட அதிகாரி.

"எங்கம்மா போறீங்க தண்டவாளத்துல?"

"வண்டிக்குங்க."

"வண்டி ஸ்டேஷனுக்கே வருமே."

"அங்க நின்னா ஏற விடமாட்டாங்க. எண்ணிடுவாங்க."

"எண்ணப்போறது நான்தான்." அவர் நின்று பேனாவை எடுத்தார். "நீங்க இந்த ஊர்தானா? சொல்லுங்க, இங்கேயே எண்ணிக்கறேன். அப்புறம் ஏறிக்கங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல."

எவ்வளவு எளிதான வழி. ஊருக்கு வண்டி, அவளுக்கு வேலை. நாக்கு நுனி வரை 'ஆமாம்' வந்தது. அதை விழுங்கினாள்.

"எண்ணிக்கிட்டீங்கன்னா, அடுத்த எண்ணிக்கைக்கு என்னை வந்து நிக்கச் சொல்லுவாங்க. அதுக்கு அடுத்ததுக்கும். பட்டியல்ல நூறாவதா என் பேரு இருக்கும். அடிச்சிடுங்க சார்."

"தொண்ணூத்தொம்பதுன்னா நிறுத்தம் போயிடும். தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும் சார். குழந்தைக்குக் காய்ச்சல்னா தூக்கிட்டு ஓட வண்டி வேணும்னும் தெரியும். அந்தக் குழந்தைக்கும் நூறுக்கும் என்ன சம்பந்தம்னுதான் தெரியல. விதி எழுதினவங்களைக் கேட்டுச் சொல்லுங்க. வரலாறுன்னு நான் எழுதின தாள் மேசையில இருக்கு, கடைசி வரியை மட்டுமாவது படிங்க."

அவள் நடந்தாள். கடைசிப் பெட்டியில் இருந்த கார்டு கையை நீட்டி, அவளை மூட்டையோடு மேலே தூக்கிவிட்டார். அதே நேரம் சிக்னல் கை கீழே சாய்ந்தது. வண்டி அவளை ஏற்றிக்கொண்டு, அவள் தப்பி வந்த அதே நடைமேடைக்குள் மெதுவாக நுழைந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுவதும் வரிசையாக நகர்ந்தது. டீக்கடைக்காரர், நாற்காலியில் நோயாளி, குழந்தையைத் தோளில் போட்ட தாய், அத்தை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வரிசையின் முனையில் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் சிமெண்டுத் தரை. வண்டி நின்றது. இரண்டு நிமிடம் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஒற்றைத் தண்டவாளப் பாதை அது. அடுத்த நிலையம் வரை வழி காலி என்பதற்கு அடையாளமான வளையத்தை டிரைவர் கையில் கொடுத்தால்தான் வண்டி நகரும். வளையம் மாமா கையில் இருந்தது.

"அண்ணே," என்றார் டீக்கடைக்காரர், குரலை உயர்த்தாமல். "அவளை இறக்கிட்டுக் கொடுங்களேன். உங்க கையிலதானே இருக்கு."

கொடியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். மாமா வளையத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. டிரைவர் எஞ்சினிலிருந்து தாழ வளைந்து, எப்போதும்போல் கையை நீட்டினார். நீட்டிய கையைக் கண்டதும் மாமாவின் கை மேலே எழுந்தது. முப்பத்தொரு ஆண்டுகளில் அந்தக் கை ஒரு டிரைவரைக்கூடக் காத்திருக்க வைத்ததில்லை. வளையம் கை மாறியது. மாமா தம் வெறுங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. வறண்ட தொட்டி, கூரையில்லாத வரிசை, பின் வேலி, பின் வெட்டவெளி. அவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கார்டு டிக்கெட் புத்தகத்தோடு வந்தார். "எந்த ஸ்டேஷன்ல ஏறினதா எழுதறதும்மா?"

"ஸ்டேஷன்ல ஏறலீங்க. சிக்னல்ல ஏறினேன்."

"சிக்னல்லேருந்துன்னு டிக்கெட் கிடையாதும்மா. உங்க ஊருக்கு முந்தின ஸ்டேஷன்லேருந்துதான் போடணும்."

"போடுங்க," என்றாள்.