நானூற்றுப் பன்னிரண்டாம் கம்பெனி

எந்தக் கம்பெனி விழும் என்று கணிக்கும் எங்கள் ஆய்வு மையத்தில், கம்பெனிகளின் பெயரை மறைத்து எண் மட்டும் கொடுப்பது வழக்கம். பெயர் தெரிந்தால் மனம் சாயும் என்பார் பேராசிரியர். நானூற்றுப் பன்னிரண்டு, வயர் தயாரிக்கும் கம்பெனி. தீ விபத்தால் எட்டு மாதம் உற்பத்தி நின்றதாகக் குறிப்பு இருந்தது. மச்சானின் கம்பெனிதான்; அந்த எட்டு மாதமும் சம்பளமில்லாமல் அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள்.

பல வருடம் ஓட வேண்டிய இயந்திரங்களை மூன்று மாதக் கடனில் வாங்கியிருந்தார்கள். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். எல்லாக் கடனுக்கும் இந்த மாதக் கடைசியில் ஒன்றாகக் கெடு முடிகிறது. கடன் கொடுத்தவர்கள் பயப்படாதவரை, கம்பெனி விழும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு. பயந்து புதுக் கடனை மறுத்துவிட்டால் எழுபது.

"நாலுதானே, அடுத்ததப் பாருங்க" என்றார் பேராசிரியர்.

பிரசவத்துக்கு முன் டாக்டரும் ஆபத்து நூற்றுக்கு நான்கு என்றுதான் சொன்னார்.

சாயங்காலம் ஷிப்டுக்குப் போகும் வழியில் மச்சான் வந்தார். என் மனைவிக்கு அண்ணன். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்ன மாப்ள, புள்ள இருக்கற வீடு மாதிரியா இருக்கு? ஆடிட் ஆபீஸ் தோத்துது போங்க." பிறகு குரலில் ஒரு துள்ளல். "கம்பெனி கடன் பத்திரம் விடுது. தொழிலாளிங்களுக்கு மட்டும் வட்டி கூட. வீடு கட்ட வச்சிருந்ததை மொத்தமா போடப்போறேன். நாளைக்குத்தான் கடைசி. எங்க லைன்ல வேலை பாக்கற பசங்க எல்லாரையும் நான்தான் சேத்து விட்டேன்."

சொல்லாவிட்டால் இவர் வீடு போகும். சொன்னால் இவர் வாயில் நிற்காது. பேச்சு தொழிற்சாலை முழுக்கப் போகும், அங்கிருந்து வங்கிக்கு. எழுபது.

"போடாதீங்க மச்சான்."

"ஏன்?"

மாதக் கடைசியைப் பற்றி மட்டும் சொன்னேன். குழந்தை அவர் சட்டைப் பொத்தானை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நிச்சயமா விழுமா?"

"இல்ல. நூத்துக்கு நாலு."

"அட, நாலுதானா!" சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரும் நின்றிருந்தார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. வெளிய தெரிஞ்சா, இல்லாததும் நடந்துடும்."

"என்னை நம்பிப் போட்டவனுங்க மாப்ள."

"மச்சான், சொன்னா எல்லாருக்கும் வேலையே போயிடும்."

கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவர் குழந்தையை என் கையில் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

ஜன்னலுக்கு வந்தேன். பஸ்ஸுக்குள் விளக்கு எரிந்தது. மச்சான் ஏறினார், உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றார். முன் சீட்டுக்காரர் ஏதோ கேட்டார். மச்சான் குனிந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் காதிலிருந்த இயர்போன் வயரைக் கழற்றினார். அடுத்த வரிசையில் ஒருவர் எழுந்தார்.

டிரைவர் எஞ்சினை அணைத்தார். ஒவ்வொரு முகமாக எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பியது. குழந்தை அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.