சந்தனமேரிக்கு அழுத வார்த்தைகள்

பெரியமுத்து கங்காணி வீட்டு முற்றத்தில் கிராமபோன் பாடத் தொடங்கியபோது கத்தரீனாள் தேயிலைக் கொழுந்துக் கூடையைக்கூட முதுகிலிருந்து இறக்கவில்லை. நிறுவை முடிந்து வந்த பெண்கள் ஈரக் கம்பளியோடு அப்படியே நின்றார்கள். குழாய்க்குள்ளிருந்து முதலில் வந்தது கிட்டார். அவள் புருஷன் பாஸ்கல் செடி வெட்டும் கவாத்துக் கத்தியின் முதுகைக் கம்பிமேல் வைத்து இழுப்பான். அந்த இழுப்பில் கம்பி மனுஷி மாதிரித் தேம்பும். சீமைக்குத் திரும்பிய துரை விட்டுப்போன கிட்டார் அது. பங்களாவில் பாத்திரம் கழுவியவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவனே தடவித் தடவி அதைப் பேசவைத்தான்.

பிறகு அவன் குரல் வந்தது. மஞ்சு எறங்குதே கண்ணே, கம்பளிய எங்க விட்டே என்று கேட்டது.

அது கத்தரீனாளுடைய வார்த்தை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆறு வயது சந்தனமேரி குளிர்காய்ச்சலில் மூன்றே நாளில் போனபோது, குழிமேட்டில் உட்கார்ந்து அவள் அழுத வார்த்தை. ஒப்பாரியில் வருகிற சொல் செத்தவருக்கு உரியது. குழி மூடும்போது அதையும் சேர்த்து மூடிவிட வேண்டும். பிணமில்லாத இடத்தில் அதை வாயெடுக்கக் கூடாது. மாதா கோயில் வேதக்காரரானாலும் மற்றவரானாலும் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் இது தெரியும். பாஸ்கலுக்கும் தெரியும். மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கி, கோயம்புத்தூரில் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடப் போகிறேன் என்று கிளம்பியபோது, மாதா பாட்டுத்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்.

அவள் ‘சந்தனம்’ என்று கூப்பிட்டு அழுத இடத்திலெல்லாம் ‘கண்ணே’ என்று வைத்திருந்தான். கேட்பவர்களுக்கு அது எவளோ ஓடிப்போன காதலியைத் தேடுகிற பாட்டு.

“பாத்தியா கத்தரீனா, ஒம் புருசன் கொரலு கொழும்பு வரைக்கும் போவுதாம்ல! இன்னொருக்கா வைக்கட்டுமா?” என்றார் கங்காணி. ஆண்கள் ‘வையும், வையும்’ என்று கைதட்டினார்கள்.

குழிமேட்டில் அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுத ராமுத்தாய் முன்னால் வந்தாள். “வச்சீருன்னா அந்த ஊசியப் புடுங்கி எறிஞ்சிருவேன் கங்காணியாரே.” அவள் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

ஊர் திரும்பியிருந்த பாஸ்கல் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். “மாதா பாட்ட மூணு மட்டம் படிச்சேன் புள்ள. கம்பெனிக்காரன் உசிரே இல்லன்னுட்டான். தட்டுல புடிக்கும்போது எரியுற செவப்பு வெளக்கு திரும்ப எரிஞ்சதும் வாயில அதுதான் வந்துச்சு. பிள்ள பேரச் சொல்லலியே.”

“பேரையும் எடுத்துட்டீரு. அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.”

அதற்குப் பிறகு அவன் லயத்தில் தங்கவில்லை. நாடகக் கம்பெனிகள் கூப்பிட்டன. மதுரை, காரைக்குடி, கொழும்பு என்று போனான். நோட்டீசுகளில் ‘கிட்டார் பாஸ்கல்’ என்று போட்டார்கள். போன இடமெல்லாம் சனங்கள் அந்த ஒரு பாட்டைத்தான் கேட்டார்கள். அவன் புதிதாகக் கட்டியதைப் பாடினால் வெற்றிலை போட எழுந்து போனார்கள். சாராயம் எப்போது சேர்ந்துகொண்டது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

நாலாவது வருஷம் குருத்தோலை ஞாயிற்றுக்கு ஒரு சேலையோடு வந்தான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்.

“கம்பெனியில அதே மாதிரி இன்னொண்ணு கேக்காக. எனக்கு வரமாட்டேங்கு. நீ ரெண்டு அடி எடுத்துக் குடுத்தாப் போதும்.”

“அதுக்கு இன்னொரு பிள்ள சாவணும். நம்மகிட்ட இல்ல.”

சேலையை அவள் தொடவில்லை. மறுநாள் காலை ராமுத்தாய் அதை மடித்து அவன் பைக்குள்ளேயே வைத்தனுப்பினாள்.

அடுத்த மழைக்காலத்தில் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி வந்து சேர்ந்தான். ஒன்பது நாள் கஞ்சி ஊட்டினாள். அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிடுவானோ என்று அவள்தான் ஒவ்வொரு நாளும் பயந்தாள். பத்தாம் நாள் செத்துப்போனான்.

குழிமேட்டில் பெண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் கை போட்டு வட்டமாக நின்றார்கள். கட்டினவள் முதல் அடியை எடுத்தால்தான் மற்றவர்கள் சேர முடியும். கத்தரீனாளுக்கு அடி வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து ஏறி, சொல் சொல்லாகத் தொண்டையில் நின்றது. பிள்ளைக்கு அழுததைவிட இது கனமாக இருந்தது. அவளுக்கே அது தெரிந்தது. இத்தனைக்கும் பிறகு இவனுக்காகவா இப்படி வருகிறது என்று திகைத்தபடி அவள் வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் எதிரே பார்த்தாள். நாடகக் கம்பெனியிலிருந்து மாலையோடு வந்திருந்த ஆர்மோனியக்காரர், சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து விரித்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழு மதினி,” என்றாள் ராமுத்தாய் காதோரம். “அழுதுரு. நெஞ்சு வெடிச்சிரும்.”

பெண்கள் ஒருமுறை முன்னால் சாய்ந்து, அடி வராமல் அப்படியே நின்றார்கள். கத்தரீனாள் முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தாள். முதல் மண் பெட்டிமேல் விழுந்தது.