நாலாவது பாட்டின் இரண்டு குரல்கள்

ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டும். புதன்கிழமை காலை தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண் ரவ்ஷானைக் கூப்பிட்டாள். நாலாவது பாட்டைப் பாடிய மக்பாலையும் பெர்திபெக்கையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேட்டி எடுக்கப் போகிறார்களாம். இரண்டு பேரிடமும் சாயங்காலம் தானே பேசிவிடுவதாகச் சொன்னாள். ரொம்ப நல்லது என்று சொல்லிவிட்டு ரவ்ஷான் போனை வைத்தாள்.

அல்மாத்தி நகரத்தில் பத்து வருஷமாக மற்றவர்களுக்குப் பாட்டு அமைத்துக் கொடுத்தவள் அவள். தன் பெயரில் போடும் முதல் ஆல்பம் இதுதான். பாட்டுக்கு ஒரு பாடகர் என்று ஊரில் பேர் வாங்கிய குரல்களையெல்லாம் சேர்த்திருந்தாள். அதில் எல்லோரும் காத்திருந்தது இரண்டு பேர் பாடும் நாலாவது பாட்டுக்குத்தான். ஒரு காலத்தில் மக்பாலும் பெர்திபெக்கும் ஜோடியாகப் பாடாத கல்யாணம் அந்த ஊரில் கிடையாது. மக்பால் பிரசவத்துக்குப் போயிருந்தபோது பெர்திபெக் வேறொரு பெண்ணை மேடையேற்றி, மக்பாலின் பதிவான குரலைப் பின்னால் ஓடவிட்டு, அந்தப் பெண்ணை வாயசைக்க வைத்து ஒரு சுற்றுப்பயணத்தையே முடித்துவிட்டு வந்தான். அதோடு சரி. மக்பால் அவன் முகத்தில் முழிக்கவில்லை.

அவர்களை ரவ்ஷான் சேர்த்த விதம்தான் இப்போது சிக்கலாகியிருந்தது. பெர்திபெக் அண்ணன் உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தப் பாட்டைப் பாடுகிறார் என்று மக்பாலிடம் சொன்னாள். மக்பால் அக்காவே இந்தப் பாட்டுக்கு உங்கள் பெயரைச் சொன்னார் என்று அவனிடம் சொன்னாள். இரண்டும் பொய். இருவரையும் வேறு வேறு நாளில் வரவழைத்துப் பதிவு செய்தாள். பாட்டு வந்த பிறகு கேட்டுப் பார்த்தால் இருவருக்கும் தானாக மனசு இளகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒலிப்பதிவு பார்க்கும் தல்காத்திடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ரெண்டு பேர் போனையும் யாராவது திருடிட்டா பரவாயில்ல" என்றான். அவள் சிரிக்காததைப் பார்த்துக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். "டிவிக்காரி சொல்லி அந்தக்கா தெரிஞ்சுக்கிட்டா நீ தீர்ந்த. போய் நீயே சொல்லிடு."

மக்பால் அன்று ஒரு கல்யாண மண்டபத்தில் பாட இருந்தாள். ரவ்ஷான் காரை எடுத்தாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ஒவ்வொரு வாக்கியமும் பாதியிலேயே இன்னொரு பொய்யாகத் திரும்பியது. சிக்னலில் நின்றபோது போன் அடித்தது. டிவிக்காரியோ என்று எட்டிப் பார்த்தாள். அம்மா. எடுக்கவில்லை.

மண்டபத்தில் மேஜை விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மக்பால் ஒலிவாங்கியைச் சோதித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ரவ்ஷானைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்து, ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் ரவ்ஷானுக்கு ஒத்திகையெல்லாம் மறந்து போயிற்று.

"அக்கா, அவரு மன்னிப்புக் கேக்கல. நானாத்தான் சொன்னேன். அவர்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."

மக்பால் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு பாட்டைப் போடச் சொன்னாள். இருவரும் வெளியே வந்து காரில் உட்கார்ந்து கேட்டார்கள். பெர்திபெக்கின் குரல் முன்னைவிடக் கரகரத்திருந்தது. அது வந்த இடத்தில் மக்பால் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் குரல் வந்தபோதுதான் அழுதாள்.

"நல்லாத்தான் இருக்கு. இவ்வளவு நல்லா நான் பாடி எத்தனையோ வருஷமாச்சு. அவன் மன்னிப்புக் கேட்டான்னு நம்பினதால வந்த குரல் அது" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு அவன் என்னைக் கேக்காம என் குரலை இன்னொருத்தி வாயில வச்சான். நீயும் அதையேதான் செஞ்சிருக்க. என்ன, கொஞ்சம் மரியாதையா செஞ்சிருக்க. என் குரலை எடுத்துடு."

"எடுத்துடறேன்க்கா."

"டிவிக்காரிகிட்ட நான் என்ன சொல்லணும்?"

"நடந்ததைச் சொல்லுங்க."

மக்பால் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ரவ்ஷான் காரிலிருந்தே பெர்திபெக்கைக் கூப்பிட்டாள். அவன் முழுதும் கேட்டுவிட்டு, அப்படியானால் என் குரலையும் எடுத்துவிடு என்று மட்டும் சொன்னான். கத்துவான் என்று எதிர்பார்த்திருந்த அவளுக்கு அந்த அமைதிதான் அதிகம் வலித்தது.

வியாழக்கிழமை செய்தி பரவிவிட்டது. மற்ற பாடகர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என்னிடம் சொன்னதில் எது நிஜம் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். போன் அதிரும்போதெல்லாம் அதைக் கவிழ்த்து வைக்கத் தோன்றியது. ஆனாலும் எடுத்தாள். யாரிடம் எதை மிகைப்படுத்திச் சொன்னாளோ அதை அவர்களிடமே ஒப்புக்கொண்டாள். ஒரு ராப் பாடகன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு விலகினான். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஆல்பத்தில் இருந்துவிட்டார்கள். நாலாவது பாட்டும் ராப்பும் இல்லாமல், சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தள்ளி ஆல்பம் வந்தது. சுமாராகப் போயிற்று. அந்தப் பாட்டு எங்கே என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு ரவ்ஷான் சில நாட்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே வரவில்லை.

பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு பகல் வேளையில் மக்பால் அங்கே வந்து நின்றாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்தப் பாட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். குரல் இல்லாமல் இசை மட்டும் இருக்கிறது என்றாள் ரவ்ஷான். அது போதும், அவன் வரிகளையும் சேர்த்து நானே பாடுகிறேன் என்றாள் மக்பால். தல்காத் கருவிகளை இயக்கினான்.

இரண்டு தடவை பாடினாள். முன்பு பாடியதுபோல் குழைவு இல்லை. அவன் வரிகளைத் தாழ்ந்த குரலில், எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பதுபோல் பாடினாள். பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரவ்ஷான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடித்து வெளியே வந்த மக்பால் அவள் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இதைப் போட்டுக்கோ. இது நான் கொடுக்கறது" என்றாள்.

பாட்டு தனியாக வெளியானது. மறுநாள் பெர்திபெக் கூப்பிட்டான்.

"என் வரியையும் அவளே பாடிட்டா."

"ஆமாண்ணே."

அவன் குரல் தணிந்தது. "நான் கூப்பிட்டா அவ எடுப்பாளா? நீ கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?"

ரவ்ஷானுக்குப் பழைய பதற்றம் ஒரு கணம் வந்து போனது. ஆமாம் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியலண்ணே. நான் கேட்டுச் சொல்ல மாட்டேன். நீங்களே கூப்பிடுங்க."