முருகையன் மோதிரம் கழன்ற காலை

முருகையன் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றுவதை விட மரக்காணத்துக் கடலை ஒரு முழம் தள்ளி வைப்பது சுலபம். கல்யாணத்தன்று மாமனார் போட்டுவிட்ட முக்கால் சவரன் அது. அன்று அவன் விரல் முருங்கைக்காய். பதினாலு வருஷம் கழித்து, இந்த 2006 மாசியில், மரவள்ளிக் கிழங்கு.

உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் அவன் பொறுப்பு. முந்தாநாள் ஓடுகிற பெல்ட்டின் கிளிப்பில் மோதிரம் மாட்டிக் கையை இழுத்தது. பெல்ட் நழுவி விழுந்ததால் விரல் தப்பியது. வீட்டில் பூனை பிறாண்டியதாகச் சொன்னான். மோதிரத்தைச் சுற்றி அளவெடுத்து வட்டமாகப் பிறாண்டும் பூனை சுற்றியுள்ள மூன்று ஜில்லாவிலும் கிடையாது என்பது அவன் மனைவி ஆராயிக்குத் தெரியும்.

இன்று காலை இன்ஜினைச் சுற்றிக் கிளப்ப ஹேண்டிலைத் தேடினான். ஆராயி அதை வரப்பில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"யோவ், மோதிரத்த கழட்டு. ஹேண்டில் தர்றேன்."

"எட்டு மணிக்கு மொதலாளி வந்துடுவாரு. பாத்தி காயுது, எழுந்திரு."

"வரட்டும். அவர்கிட்டயும் இதான் சொல்லுவேன்."

"உங்கப்பன் போட்டதுடி. வெறும் கையோட போனா ஊர்க்காரன் இன்னா நெனப்பான்?"

"மோதிரம் இல்லாத கைன்னு நெனப்பான். வெரல் இல்லாத கைன்னு நெனக்கறதுக்கு அது தேவல."

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த சவரிமுத்து நிமிர்ந்தான். "அண்ணே, சீக்கிரம் முடிவு பண்ணு. அக்கா மேல உப்பு பூக்க ஆரம்பிச்சிடுச்சி."

முருகையன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "நீயும்தான் வேல செய்யற. மொதல்ல உன் மெட்டிய கழட்டு. அப்புறம் நான் கழட்டறேன்."

புருஷன் உயிரோடிருக்க மெட்டியை எவளும் கழற்ற மாட்டாள் என்ற தைரியம் அவனுக்கு. சவரிமுத்துவும் வாருவதை விட்டுக் கிட்டே வந்தான். ஆராயி காலைத் தூக்கி முழங்கால்மேல் போட்டு மெட்டியைக் கழற்றினாள். ஒன்று. இரண்டு. மெட்டி இருந்த இடத்தில் உப்புத் தண்ணீர் தின்று தோல் வெளுத்து வெடித்திருந்தது. முருகையன் தன்னையறியாமல் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான்.

"உசுரு இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப கைய நீட்டு."

தலையில் தேய்த்திருந்த தேங்காயெண்ணெயை வழித்து அவன் விரலில் பூசினாள். மூட்டை தைக்கும் நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் ஊசியால் நுழைத்தாள். மீதியை விரல் முட்டி வரை நெருக்கமாகச் சுற்றினாள். சவரிமுத்து முழங்கையைப் பிடித்துக்கொள்ள, அடி முனையை இழுத்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். மோதிரம் நூலோடு நகர்ந்தது. முருகையன் போட்ட சத்தத்தில், மத்தியானச் சங்கு ஊதிவிட்டதென்று கூனிமேட்டில் மீன் விற்றவர்கள் கூடையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

முட்டியில் நின்றது மோதிரம். ஆராயி பல்லைக் கடித்து இன்னும் இரண்டு சுற்றுப் பிரித்தாள். கழன்றது.

மோதிரத்தையும் மெட்டியையும் சோற்று டப்பா மூடியில் போட்டுத் துணியில் முடிந்து வைத்தாள். எழுந்து ஹேண்டிலைத் தந்தாள். எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் இன்ஜின் புகை கக்கிக் கிளம்பியது. தண்ணீர் பாத்திக்குள் ஓடியது.

முருகையன் இன்ஜின் பக்கத்திலிருந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "பத்தும் இருக்குது, எண்ணிக்கோ."

"இன்ஜின் நின்னப்புறம் சாயந்திரம் எண்ணிக்கறேன்," என்று சொல்லிவிட்டு ஆராயி வெறும் கால்விரல்களோடு பாத்தியில் இறங்கினாள்.