இரண்டு மணிக்கு ஆளில்லாத ஊர்

மேட்டுப்பக்கம் புதிதாக இருநூறு வீடு வந்தது. இருநூறு வீடு என்றால் எத்தனை வயிறு! கூரையை எண்ணித்தான் உலை வைத்தேன். ஆறு மேசை இருந்த சாப்பாட்டுக் கடையில் இன்னும் நான்கு மேசை வாங்கிப் போட்டேன். எங்கள் ஊர் சாந்தா லுயிசாவில் மதியம் இரண்டிலிருந்து நான்குவரை சாப்பாடு: சூப், சோறு, குழம்பு, சூடாகச் சோளரொட்டி. ஊர் பெருத்த பிறகு பார்த்தால் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறேன். ஆள் கூடினால் வியாபாரம் குறையுமா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

"இன்னைக்கும் அவரைக்கொட்டை சூப்பா?" என்று ராத்திரி தட்டைப் பார்த்துக் கேட்டார் என் வீட்டுக்காரர் எவரிஸ்தோ.

"மீந்ததைத் தின்னுங்க. இல்லாட்டி நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க!"

இந்த லட்சணத்தில் கடைக்கு இடம் கொடுத்த அபுந்தியோ வந்து வாடகையை ஏற்றினார். "ரயில் விட்டாச்சு ஒத்தீலியா. மெக்சிகோ நகரமே நம்மூருக்கு வருது. இடத்துக்கு எப்படி மவுசு ஏறிப்போச்சு பாரு!"

"வந்த நகரம் எங்க போய்ச் சாப்பிடுதாம்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். இந்த மாத வாடகை தேறாவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

சரி, எல்லாரும் எங்கேதான் சாப்பிடுகிறார்கள் என்று நேரில் பார்த்துவிடலாம் என ஒரு செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நகரத்துக்குப் போகும் விடிகாலை ரயிலில் ஏறினேன். உட்கார இடமில்லை. ஊரே உள்ளே தூங்கி வழிந்தது. பதினொரு வருஷம் என்னிடம் சாப்பிட்ட கொத்தனார் நிக்கானோர், கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினான். எழுப்ப மனசு வரவில்லை. ஆனால் இறங்கியதும் பின்னாலேயே போனேன். அவன் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு எதிரே ஒரு திட்டில் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். பைத்தியக்காரிதான்.

இரண்டு மணிக்கு அவன் ஒரு சந்துக்குள் நுழைந்தான். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை. சாப்பிடுகிறவர்களைக் கண்டால் தெரியாதவராக இருந்தாலும் வாழ்த்தாமல் போவது எங்களுக்கு வழக்கமில்லை. "நல்லா சாப்பிடுங்க!" என்றேன். "நன்றி!" என்று ஏகப்பட்ட குரல். பிறகு ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது.

அடப்பாவிகளா! அத்தனையும் எங்கள் ஊர்த் தலை.

"ஒத்தீலியா அக்கா! நீங்களும் இங்க வேலைக்கு வந்துட்டீங்களா?" என்று நிக்கானோர் எழுந்து இடம் கொடுத்தான்.

அவன் சூப்பை ஒரு கரண்டி வாயில் வைத்தேன். "கருமம்! கழுவின தண்ணியாடா இது? இதுக்கா என் கடையை விட்டீங்க?"

"நாங்க எங்கக்கா விட்டோம்? உங்க கடை திறந்திருக்கப்ப ஊர்ல நாங்க இல்ல. வீடு திரும்பவே ஒம்பது மணி. ஒரு ரொட்டி, காப்பி, படுக்கை. நம்மூர்ல வேலை இருந்தா நாங்க ஏன் இங்க வர்றோம்?"

என் சத்தம் கேட்டுக் கடைக்காரம்மா வெளியே வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். அவளோ என்னை மேலும் கீழும் பார்த்து, "இவ்வளவு பேசுறீங்களே, சமைப்பீங்களா? எனக்கு ஆள் வேணும்" என்றாள்.

"அவங்க கைப்பக்குவம் தெரியாம கேக்குறீங்க!" என்று ஊரே சேர்ந்து கத்தியது. "வாங்கக்கா! வந்துடுங்கக்கா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் ஊர்க்காரர்களுக்குச் சோறு போட நான் என் ஊரை விட்டு வர வேண்டுமா? வந்தால் அங்கே பூட்டிய கடை. வராவிட்டால் ஆளில்லாத கடை. எது எதைத் தின்றது? ரயிலைத் திட்டுவதா, இவர்களைத் திட்டுவதா? திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"காலையில எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டது அந்த வாய். ஊர் கைதட்டியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.